ஒன்றாம் வகுப்புத் தரம்

ஷோபனா முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தாள்.

மின்னி பே கடலோரத்து வீட்டு வராந்தாவில் பக்தவத்சலம், பேப்பர் திருத்தும் வாத்தியார் முன்னால் நிற்கிற பையனைப் போல, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதில் வந்த தலையெழுத்து.

மாலத்தீவில் வாத்தியாராக இருந்ததைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் முதலில் நானூறு பக்கம். இந்தத் தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனதெல்லாம் வெளிநாடா என்று தமிழ்ச் சங்கத்தில் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஊர் படிக்க எழுதியது இல்லை அது. ஷோபனா ஒருத்தி படித்தால் போதும்.

அவள்தான் படிக்க முடியாதவள்.

அவர் அங்கே ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் அவள் இங்கே ஹிந்தி மீடியத்தில் வளர்ந்தாள். அம்மா புண்ணியத்தில் தமிழ் பேச வரும். படிப்பதென்றால் கடைப் பலகையோடு சரி.

"இத்னா லம்பா கௌன் படேகா, பாப்பா?" இவ்வளவு நீளத்தை யார் படிப்பதென்று நானூறு பக்கத்தையும் திருப்பித் தந்தாள். "எனக்கு எழுத்துக் கூட்டித்தானே வரும். சின்னதா எழுதுங்க."

வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். வாயால் வந்திருந்தால் அவர் ஏன் எழுத உட்காருகிறார்?

ஐந்தாம் வகுப்புத் தரத்துக்கு இறக்கினார். கடலை வெட்டினார், ஹெட்மாஸ்டரை வெட்டினார், காய்ச்சலில் தனியே கிடந்ததை வெட்டினார். பலிக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு இறக்கினார். 'வந்துகொண்டிருந்தேன்' எல்லாம் 'வந்தேன்' ஆனது. அதிலும் அவள் பாதியில் நின்றுவிட்டாள்.

கடைசியில் ஒன்றாம் வகுப்பு. அங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல, ஒரு அட்டை, அதில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம். நானூறு பக்கத்திலும் அவள் தெரிந்துகொண்டே ஆக வேண்டியது அது ஒன்றுதான்.

"பா... ப்பா... வுக்கு..."

விரல் நகர்ந்தது.

"என்னைத்... தெரிய... வில்லை."

ஷோபனா நிமிரவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சஹி பாத், பாப்பா. நிஜந்தான். இத்தனை வருஷமா நான் சொல்ல நினைச்சதை நீங்களே எழுதிட்டீங்க."

பக்தவத்சலத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அட்டையைத் தானும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

அவருடைய ஊரில் பாப்பா என்றால் குழந்தை. முதல் விடுமுறைக்கு அவர் கப்பலிலிருந்து இறங்கி ஓடிவந்து தூக்கியபோது, யாரோ என்று அலறி அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதே, அந்தப் பாப்பா. அன்று விட்டுப்போன மனசு இன்னும் தேறவில்லை என்று அவளிடம் சொல்லத்தான் இவ்வளவு பாடும்.

அவளுக்கோ, இங்கே வளர்ந்த எல்லாப் பிள்ளைகளையும் போல, பாப்பா என்றால் அப்பா.

அந்தப் பாப்பா நீதானம்மா என்று சொல்ல வாயெடுத்தார். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளின் பிழையைத் திருத்தியே பிழைத்தவர்.

ஷோபனா இன்னொரு தடவை படித்தாள். இந்த முறை எங்கேயும் தடுக்கவில்லை. படித்துவிட்டு, சரியா என்று கேட்பது போல அவரைப் பார்த்தாள்.

"சரியாத்தாம்மா படிச்சிருக்கே," என்றார் பக்தவத்சலம்.