கம்பியைத் தொடாதே

“யோவ், தள்ளுய்யா. அவரைத் தூக்க விடு!”

சித்தாள் தொண்டை கிழியக் கத்தினாள். சாரம் சரிந்ததில் கீழே விழுந்த அவள் புருஷன், தூணுக்காக நிறுத்தியிருந்த இடுப்புயரக் கம்பியில் தொடை குத்திக் கிடந்தான். அடியில் நுழைந்த கம்பி மேலே ஒரு சாண் வெளியே தெரிந்தது.

தூக்கி எடுக்க நாலு கொத்தனார்கள் ஓடி வந்தார்கள். குறுக்கே பாய்ந்து மறித்தான் கம்பி கட்டுகிறவன். சைட்டில் அவனுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். சிரித்தால் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதுபோல இருப்பான்.

“எவனாவது தொட்டீங்க, மண்டையைப் பொளந்துடுவேன்.” கையிலிருந்த கம்பி முறுக்கும் கொக்கியை ஓங்கினான்.

பிறகு, கிடந்தவனின் இடுப்புக்கடியில் தன் தோளைக் கொடுத்து, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டான். தீயணைப்பு வண்டி வரட்டுமாம்.

அரை மணி நேரம். புருஷன் முனக முனக அவள் கம்பி கட்டுகிறவனைச் சபித்தாள்.

“பாவி, உன் கூடப்பொறந்தவனா இருந்தா இப்படிப் பார்த்துக்கிட்டு இருப்பியா? நீ நல்லாவே இருக்க மாட்டே.”

அவன் தோளை இன்னும் கொஞ்சம் அணைத்துக் கொடுத்தான்.

தீயணைப்புக்காரர்கள் வந்து, தொடைக்குக் கீழே கம்பியை அறுத்து, குத்திய துண்டோடேயே ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தார்.

“பிழைச்சுட்டார். பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருந்துச்சும்மா. அதை அடைச்சுக்கிட்டு இருந்ததே அந்தக் கம்பிதான். அங்கேயே உருவியிருந்தா அஞ்சு நிமிஷம் தாங்கியிருக்க மாட்டார். உருவ விடாம பார்த்துக்கிட்ட புண்ணியவான் யாரு?”

அவளுக்குச் சுருக்கென்றது. வராந்தாவின் கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். சட்டையின் தோளில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, மன்னிச்சிடுங்க. ஆத்திரத்துல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்.”

“பரவாயில்லம்மா.”

“உருவக் கூடாதுன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?”

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கூடப்பொறந்தவனா இருந்தா பார்த்துக்கிட்டு இருப்பியான்னு கேட்டியேம்மா. பார்த்துக்கிட்டு இருக்கலை. என் தம்பி விழுந்தப்ப, நான்தான் ஓடிப்போய் உருவி எடுத்தேன்.”