தள்ளி வைத்த புள்ளி

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று பொக்லைன் ஓட்டுநர் கெஞ்சினான்.

அவள் தள்ளி நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, குட்டைக் கரையில், இயந்திரத்தின் இரும்புக் கைக்கு நேர் எதிரே காலை அகட்டி நின்றாள்.

வாய் மட்டும் ஓயவில்லை. ஓட்டுநரைத் திட்டினாள். அளவுக் கல் நட்டவர்களைத் திட்டினாள். கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்தையும் விடவில்லை. தண்ணீரை மூடித்தான் சாலை போட வேண்டுமா? வேறு இடமே கிடைக்கவில்லையா இந்தப் படுபாவிகளுக்கு?

ஆமை என்ற வார்த்தையை மட்டும் அவள் சொல்லவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஆமை மிச்சமிருப்பது இந்த ஒரு குட்டையில்தான். கரையில் குழி தோண்டித்தான் அவை முட்டையிடும்.

அரிய உயிர்கள் எங்கெங்கே வாழ்கின்றன என்று இணையத்தில் வரைபடம் போடுகிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கண்ணில் படுகிற ஒவ்வொரு உயிருக்கும் அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் சாலைப் பொறியாளர், அவளுடைய அக்காவின் கணவர்.

தனியாகப் பேசலாம் வா என்று கையசைத்தார். அவள் ஓர் அடி நகரவில்லை. கடைசியில் அவர்தான் சரிவில் இறங்கி அவளிடம் வந்தார்.

"ஏன் மாமா, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு? நம்ம வீட்டு மனுஷன் கையெழுத்துப் போட்டா இதை மூடுறது?"

மாமாவின் முகம் சுண்டிப்போனது. கைபேசியை எடுத்து, அவளுடைய வரைபடத்தையே திறந்து முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நல்லாப் பாரு. உன் ஆமைப் புள்ளி அந்தப் பொட்டல்ல இருக்கு. ரோடு முதல்ல அந்தப் பக்கம்தான் போச்சு. உனக்காக மேலிடத்தோட மல்லுக்கட்டி நான்தான் இந்தப் பக்கம் வளைச்சேன்!"

பார்த்தாள். அவள் வைத்த புள்ளிதான். புல்பூண்டு முளைக்காத பொட்டலின் நடுவே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆமை விற்கிற கும்பலும் வரைபடம் பார்க்கும். போன வருடம் புள்ளியைப் பிடித்துக்கொண்டே வந்து, வேறொரு குட்டையைத் துடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் அரிய உயிர்களின் புள்ளியை வேண்டுமென்றே தள்ளி வைக்கிறார்கள். உண்மையான இடம் தெரிய வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள் என்று வரைபடத்தின் அடியிலேயே போட்டிருக்கிறது.

இவர் அதை எங்கே படித்தார்? வாரா வாரம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உண்மையான இடத்தைப் பற்றி வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது என்பது அலுவலக விதி. அவளாகச் சொல்லவும் வழியில்லை. திருடன் ஏமாறட்டும் என்று வைத்த புள்ளியில், இவர் போய் நன்றாக ஏமாந்துவிட்டு, உனக்காக என்று வேறு சொல்கிறார்!

"அது நிஜமான இடம் இல்ல மாமா" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"என்னது? அப்போ எங்கதான் இருக்கு?" என்று அவர் கத்தியே விட்டார்.

தாழ்ந்திருந்த கைபேசிகள் எல்லாம் மறுபடி உயர்ந்தன. அவற்றில் எது யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சொன்னால் கும்பல் வரும். சொல்லாவிட்டால் பொக்லைன் வரும். ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. தலை குனிந்து தன் காலடியைப் பார்த்தாள்.

மாமாவும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார்.

கரையெங்கும் காய்ந்து இறுகிய மண். அவளுடைய வெறுங்கால்கள் இரண்டுக்கும் நடுவில் மட்டும், ஒரு தட்டு அகலத்துக்கு, புதிதாகத் தோண்டி மூடிய ஈரமண். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன நகக்கீறல்கள்.

அவர் மெல்ல நிமிர்ந்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எவன்யா இங்க மண்ணைச் சோதிச்சது? சதசதன்னு கிடக்கு, ஒரு லாரி பாரம் தாங்காது! வண்டியைப் பின்னால எடு. மறுபடி முதல்லேருந்து அளக்கணும்!"

கல்லாக இறுகிய கரையில் அசையாமல் நின்றிருந்த பொக்லைன், முனகிக்கொண்டே பின்வாங்கியது.

மாமா பொய் சொல்லி அவள் அதுவரை கேட்டதேயில்லை. கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவள் காலை எடுக்கவில்லை.