தலைமாட்டுக்கு மேலே

“ஒரு கட்டில் போடுற அளவு இருந்தா போதும் மேஸ்திரி. வாசல் மட்டும் வீட்டைப் பார்த்து வேண்டாம். அந்தப் பக்கம், மதிலைப் பார்த்து வெச்சிடுங்க.”

வீட்டுக்காரர் இதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பத்தடி தள்ளி நின்று, கீற்றுத் தூசுக்குப் பயந்தவர் போல வாயையும் மூக்கையும் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தார்.

கூரைக்காரர் தோளிலிருந்த மூங்கிலைக் கீழே போட்டார். “எல்லாரும் தோட்டத்துல காத்து வாங்கத்தான் கொட்டகை கேப்பாங்க. கட்டில் எதுக்கு சார்?”

“படுக்கத்தான்” என்றார் அவர். யாருக்கு என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தொடுகிற வயது. குழியில் இறங்குகிற ஒவ்வொரு மூங்கிலையும் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பார்த்தியா அநியாயத்தை?” என்றார் கூரைக்காரர், கீற்று எடுத்துக் கொடுக்கக் கூட வந்திருந்த மனைவியிடம். “மூணு ரூம் வெச்ச வீடு. பெத்தவருக்கு அதுல ஒரு மூலை இல்லையாம். மூஞ்சி தெரியக்கூடாதுன்னு வாசலைக்கூடத் திருப்பச் சொல்றான் பாரு.”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நம்ம வீட்டுக்குப் பின்னாலயும் ஒண்ணு இருந்துச்சு. உங்க அப்பாவுக்கு நீங்க கட்டினது.”

சுருக்கென்றது அவருக்கு. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேச்சு வந்தால் உடம்பெல்லாம் கூசும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் புதுக் கீற்று வேய்ந்துகொடுத்த மனுஷன், அப்பாவுக்கு மட்டும் பிரித்துப் போட்ட பழசை வைத்து ஒப்பேற்றியிருந்தார். மழைக்கு மழை ஒழுகியது. கிழவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை மாறினாரே தவிர, ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகு பாயை எடுத்தபோதுதான், அடியெல்லாம் பூஞ்சணம் பூத்திருந்ததைப் பார்த்தார்கள்.

தன் மேலிருந்த வெட்கத்தை எல்லாம் சேர்த்து வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, கூரைக்காரர் ஏணி ஏறினார்.

கூரையைக் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மேலே வேய்ந்துகொண்டு போக வேண்டும். கீழ் வரியின் மேல் அடுத்த வரி ஏறி உட்கார வேண்டும், சாணுக்கு ஒன்றாக. அவரும் அப்படித்தான் வேய்ந்தார். கட்டிலை அதற்குள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதன் தலைமாட்டுக்கு நேர் மேலே மட்டும், முழத்துக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி வைத்துக் கட்டினார்.

“என்னங்க, அங்க மட்டும் கீற்று கம்மியா கேக்குறீங்க?” என்றாள் மனைவி.

“நீ குடுக்கிறதைக் குடு.”

“மழை வந்தா ஒழுகுமே.”

“ஒழுகட்டும்.”

வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. முப்பது வருஷத் தொழிலில், வெளியாள் வீட்டில் வேண்டுமென்றே அவர் செய்த முதல் கள்ள வேலை அது. கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. நல்லதுக்குத்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு முகட்டை மூடிவிட்டு இறங்கினார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். அப்போதும் பத்தடி தள்ளித்தான் நின்றார். “ரொம்ப நேர்த்தியா இருக்கு மேஸ்திரி” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கூரைக்காரர் பதிலுக்குக் கும்பிடவில்லை. “இதை இங்க கட்டிட்டு, நாலு பேர் முன்னால உங்களால தலை காட்ட முடியுமா சார்?” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

அவர் முகம் சுண்டிப்போனது. “முடியாதுதான். நீங்க வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று முணுமுணுத்துவிட்டுக் கூனிக்குறுகி உள்ளே போனார்.

கயிற்றையும் அரிவாளையும் சாக்கில் போட்டுக் கட்டும்போது, பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்து சேர்ந்தார். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“கெட்டியா போட்டிருக்கீங்களா தம்பி? ஒரு சொட்டுத் தண்ணி உள்ள இறங்கக் கூடாது.”

கூரைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார். “இறங்கும் ஐயா. உங்களுக்காகத்தான் அப்படிச் செஞ்சேன். தலைமாட்டுக்கு மேல கீற்றை விலக்கி வெச்சிருக்கேன். முதல் மழைக்கே தலையணை நனையும். அப்பவாவது உங்க மகனுக்கு வெட்கம் வந்து உங்களை உள்ள கூட்டிட்டுப் போவாரு. எங்க அப்பாவுக்கு நான் செஞ்ச பாவம், உங்களுக்கு உங்க பிள்ளை செய்யக் கூடாது.”

சொல்லி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

பெரியவர் கூரையின் அந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார்.

“நான் வீட்டுக்குள்ளதான் படுக்கப்போறேன் தம்பி” என்றார். “எனக்குத் தொத்திடக் கூடாதுன்னு, காசநோய் வந்த என் பிள்ளைதான் அதுல படுக்கப்போறான்.”