மெத்தென்று ஒரு ஜோடி

“என் வீட்டுல நான் நடக்காம, ஃபேன்ல தொங்கவா?”

கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள் மனைவி. வெளியே நின்றவள் கீழ்வீட்டு நர்ஸ். மூன்று மாதத்தில் ஐந்தாவது முறையாக மாடியேறி வந்திருக்கிறாள்.

நர்ஸுக்கு இரவு டியூட்டி. காலையில் வந்து படுத்தால்தான் தூக்கம். அந்த நேரத்தில்தான் மேலே இவள் சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடப்பாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததிலிருந்து இவளுக்கு இடது முட்டி மடங்காது. அந்தக் காலை எடுத்து வைக்க மாட்டாள், போடுவாள். தொம். தொம். ஹாலுக்கு இவள் வருவதை அலமாரி டம்ளர்கள் முன்கூட்டியே சொல்லிவிடும்.

இன்று நர்ஸ் சண்டை போட வரவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் நேற்று ஒரு நோயாளிக்கு இன்னொருவருடைய ஊசி மருந்தை எடுத்துவிட்டாளாம். பக்கத்தில் இருந்தவர் பார்த்துத் தடுத்தாராம்.

“அடுத்த தடவை யார் தடுப்பாங்க ஆன்ட்டி? வேற வீடுதான் பார்க்கணும் போல” என்றாள். அதற்குத்தான் அந்த ஃபேன் பதில்.

“பாவம், கொஞ்சம் தன்மையாப் பேசியிருக்கலாம்” என்றார் கணவர், பேப்பரை விட்டு வெளியே வராமல்.

“தன்மையாப் பேசினா என் முட்டி மடங்கிடுமா?”

அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதைப் படித்து முடிப்பதற்குள் இவள் எதிரே வந்து நின்றாள்.

“சட்டையை மாத்துங்க. கடைக்குப் போகணும். நான் டென்னிஸ் ஆடப் போறேன்.”

பேப்பர் மடியில் விழுந்தது. அவருக்கு வந்த கோபத்தில் சிரிப்பு கூட வரவில்லை. கீழே ஒருத்தி தூங்க வழியில்லாமல் அழுதுவிட்டுப் போகிறாள், உனக்கு விளையாட்டு கேக்குதா என்று கேட்டார்.

“ஆமா, கேக்குது” என்று பையை எடுத்துக்கொண்டாள்.

கடையில் டென்னிஸ் ஷூ கேட்டதும் சேல்ஸ்மேன் பணிவாக, “பொண்ணுக்கா மேடம்?” என்றான்.

“ஏன், எனக்குக் கால் இல்லையா?”

அதன்பிறகு அவன் தேவையில்லாமல் வாயைத் திறக்கவில்லை. எந்தத் தரையில் ஆடுவீர்கள், மண்ணா, சிமென்ட்டா, புல்லா என்று மட்டும் கேட்டான். தரைக்குத் தகுந்த மாதிரி அடிப்பாகம் மாறுமாம்.

“டைல்ஸ்” என்றாள்.

கணவர் இரண்டடி தள்ளிப்போய், குழந்தைகளுக்கான சாக்ஸை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

முதல் ஜோடி பேப்பர் மாதிரி லேசாக இருந்தது. கவிழ்த்து, விரல் முட்டியால் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள். இரண்டாவது ரோஜா நிறம், கொள்ளை அழகு. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று அதையும் ஒதுக்கினாள். மூன்றாவதில் குதிகால் கட்டை மாதிரி இருந்தது, இன்னும் மெத்தென்று வேண்டும் என்றாள். நான்காவதில் சுண்டுவிரல் நசுங்கியது.

“ரொம்பவும் மெத்துன்னு இருந்தா பக்கவாட்டுல ஓடும்போது கால் பிசகும் மேடம்.”

“நான் பக்கவாட்டுல ஓட மாட்டேன். நேரா போவேன், நேரா வருவேன். இருக்கிறதுலயே தடியான மெத்தை எதுல இருக்கோ, அதை எடு.”

ஏழாவது பெட்டியில் அது கிடைத்தது. கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம், குதிகாலுக்கு அடியில் ஒரு தலையணை. நாடாவை இறுக்கிக் கட்டி, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். பிறகு நடுவில் நின்று, இடது காலை ஓங்கி ஒரு போடு போட்டாள். இன்னொரு போடு. பில் போடுகிற பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

“இதுதான்.”

ராக்கெட்டும் காட்டவா என்றான் சேல்ஸ்மேன். வேண்டாமாம். மட்டை இல்லாம என்னத்த ஆடுவே என்று கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதற்கு, “அங்க தருவாங்க” என்று பதில் வந்தது.

அடுத்த நாளிலிருந்து ஆட்டம் தொடங்கிவிட்டது. இவர் ஆபீஸ் போனபிறகு போவாளாம், வருவதற்குள் திரும்பிவிடுவாளாம். சாயங்காலம் எப்படிப் போச்சு என்று கேட்டால் ஒரே பதில்தான்.

“ஜெயிச்சேன்.”

கீழ்வீட்டுப் பெண்ணைப் பற்றி இவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியது ஒரு கல்லோடுதானா என்று அவருக்கே தன்மேல் பரிதாபமாக இருந்தது.

ஆறாம் நாள் தலைவலி என்று நான்கு மணிக்கே வீடு திரும்பினார். அழைப்பு மணியை அழுத்திவிட்டு நிற்கும்போது பின்னாலேயே நர்ஸ் படியேறி வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“ஆன்ட்டி ஊர்ல இல்லையா அங்கிள்?”

“ஏம்மா? இங்கதான் இருக்கா.”

“அஞ்சு நாளா மேல சத்தமே இல்ல. நல்லாத் தூங்கினேன். காலி பண்றேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னதை வாபஸ் வாங்கிட்டேன். அதான் சொல்லிட்டுப் போகலாம்னு…”

கதவு திறந்தது. இருவருமே திடுக்கிட்டார்கள். இவள் நடந்து வந்தது யார் காதிலும் விழவில்லை. உள்ளே டம்ளர்கள் கூட மூச்சு விடவில்லை.

கையில் கரண்டி, இடுப்பில் துண்டு, காலில் டென்னிஸ் ஷூ.

“சத்தம் எப்படிக் கேக்கும்? பகல் பூரா நான் விளையாடப் போயிடறேன்” என்றாள் வெடுக்கென்று. “உனக்காக ஒண்ணும் இல்ல.”

“தினமும் தவறாமப் போங்க ஆன்ட்டி.”

“போவேன், போவேன். அடுப்புல வேலை இருக்கு.”

திரும்பி உள்ளே நடந்தாள். இடது கால் உயர்ந்தபோது கணவர் அந்த ஷூவின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். மைதானத்து மண் ஒரு பொட்டுகூட இல்லை. பள்ளத்தில் நாலைந்து கடுகு சிக்கியிருந்தது.