பன்னிரண்டாவது பெட்டி

தீவுக்குக் குடிபோகும்போது சாமான்களைப் பதினொரு பெட்டிகளில் அடைத்தேன். பெரியவன், சின்னவன், அடுப்படி என்று ஒவ்வொன்றின் மேலும் பச்சை மையால் எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். எனக்கு இரண்டு பையன்கள்தான். நான்கு வருடத்தில் இது ஐந்தாவது வீடு. வீடு மாறுவதற்கு அழுவதையெல்லாம் இரண்டாவது வீட்டோடு நிறுத்திவிட்டேன்.

படகிலிருந்து சாமான் கொண்டுவந்தவர் பெட்டிகளை வாசலில் அடுக்கிவிட்டுச் சீட்டை நீட்டினார்.

"மொத்தம் பன்னெண்டு. பாத்துக் கையெழுத்துப் போடுங்கக்கா."

"பதினொண்ணுதானேங்க?"

"சீட்டுலயும் பன்னெண்டுதான் இருக்கு. வேணாம்னா அடுத்த வெள்ளிக்கிழமை படகுல திருப்பி அனுப்பிடலாம்."

கடைசிப் பெட்டியின் மேல் 'பாப்பா' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. என் கையெழுத்து. கீழே இரண்டு கோடு.

கணவர் வந்த கையோடு ஆலையில் வேலைக்குச் சேரப் போய்விட்டார். நான் நின்றபடியே பெட்டியைப் பிரித்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கான கவுன்கள். மடிக்காமல் சுருட்டி வைத்திருந்தது. நானும் அப்படித்தான் வைப்பேன். ஒரு ஜோடி செருப்பில் இடது குதி மட்டும் தேய்ந்திருந்தது. எனக்கும் அப்படித்தான் தேயும்.

யோசிக்கத் தெம்பில்லை. வெள்ளிக்கிழமைவரை வாசலில் கிடந்தால் உப்புக்காற்றில் வீணாகிவிடும் என்று எல்லாவற்றையும் அலமாரியின் மேல்தட்டில் அடுக்கினேன்.

பெரியவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான்.

"அந்தத் தட்டு அவளுக்கு எட்டாதும்மா."

அதுவும் சரிதான் என்று கீழ்த்தட்டுக்கு மாற்றினேன்.