புது டிஸ்கில் ஒரு பாட்டு

பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் ஒரு பாடகர் குழுவை நடத்தும் ரைலியின் கம்ப்யூட்டரில் பழைய டிஸ்க் செத்துப்போனது. கடையில் இருந்ததிலேயே மலிவான எஸ்.எஸ்.டி.யை எடுத்தாள்.

"கேள்வியே படாத கம்பெனி. வேணாம்க்கா," என்றான் தம்பி ஓலவி.

"முப்பது யூரோவுக்கு இது போதும்டா."

வீட்டில் பெட்டியின் சீல் உடைத்து, கம்ப்யூட்டரில் பொருத்தினாள். காலியாக இருக்க வேண்டிய டிஸ்கில் ஒரே ஒரு பாட்டு இருந்தது. பதிவான தேதி, வருகிற ஞாயிறு. பாடியது அவள் குழுதான். பாட்டோ, அவர்கள் இதுவரை பாடியே இராதது.

"திருப்பிக் குடுத்துடுக்கா," என்றான் ஓலவி.

ரைலி நாலு தடவை கேட்டாள். குரல்களை எண்ணினாள். குழுவில் பன்னிரண்டு பேர். பாட்டில் பதின்மூன்று குரல். கூடுதலாக இருந்த அந்த ஒன்றுதான் எல்லாவற்றிலும் இனிமை.

ஞாயிற்றுக்கிழமை அவள் குழு பாடும் ஹாலுக்குச் சீக்கிரமே போய், பதின்மூன்று நாற்காலி போட்டாள்.