சாவி அண்ணனுக்கு ஓய்வு

"சாவியைக் கொடுங்க" என்று சாவி அண்ணனிடம் கையை நீட்டினார் போதகர்.

ஆலயத்தின் எல்லாக் கதவுகளுக்கும் சாவி அவரிடம்தான். அதனால் சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பார். பெருக்குவார். பெஞ்சுகளைத் துடைப்பார். மைக்கைத் தட்டிப் பார்ப்பார். பாடல் புத்தகங்களை அடுக்கி வைப்பார். எல்லோரும் போன பிறகு பூட்டிக்கொண்டு கிளம்புவார்.

"எந்த ரூமைத் திறக்கணும் ஐயா? நானே வர்றேன்."

"திறக்கிறதுக்கு இல்லை. இனிமே சாவி என்கிட்டயே இருக்கட்டும். பெருக்குறது, துடைக்கிறது எதையும் நீங்க தொட வேண்டாம். ஆராதனைக்கு வாங்க, உட்காருங்க, போங்க."

சாவி அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என் வேலையில ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை."

"யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க."

போதகர் கொஞ்சம் தயங்கினார். "ஆர்கன்காரர் வந்து கேட்டுக்கிட்டார். எனக்கும் நியாயமாத்தான் பட்டது."

சாவி அண்ணன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

ஆர்கன்காரர் இப்போது ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பதில்லை. பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவரும் சாவி அண்ணனும் ஒரே மரக்கிடங்கில் வேலை பார்த்த கூட்டாளிகள். ஒரு நாள் மதியம், பசி அவசரத்தில், அடுக்கிய மரத்தடிகளுக்குச் சங்கிலி போடாமல் சாப்பிடப் போய்விட்டார் சாவி அண்ணன். தடி உருண்டது. கூட்டாளியின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்து விளக்குமாற்றைக் கையில் எடுத்தவர்தான் சாவி அண்ணன், பிறகு கீழே வைக்கவே இல்லை. வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. நல்ல வேலைக்காரரை யார் வேண்டாம் என்பார்கள்?

வீட்டில் மனைவி குதித்தாள்.

"இத்தனை வருஷம் உழைச்ச மனுஷனுக்கு இதுதான் மரியாதையா? நான் போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"வேண்டாம். கேட்டது அவன். அவனுக்கு இல்லாத உரிமையா?"

"அவர்தான் ஆஸ்பத்திரிக் கட்டில்லயே சொன்னாரே, மன்னிச்சுட்டேன்டா, விட்டுத்தள்ளுன்னு!"

"கட்டில்ல படுத்திருக்கிறவன் வேற என்ன சொல்வான்? ஆறுதலுக்குச் சொன்னது அது. மனசுக்குள்ள இருந்திருக்கு. நான் ஆலயத்துல நடமாடுறதே அவனுக்கு உறுத்துது."

சொல்லிவிட்டாரே தவிர, அவரால் ஆற முடியவில்லை. இத்தனை வருஷம் பெருக்கியும் அந்த ஒரு மதியம் போகவில்லையா? இன்னும் எவ்வளவு பெருக்கினால் போகும்? பெருக்கவும் விடாவிட்டால் என்னதான் வழி?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கமாக அவர் முன்னால் ஓடிவிடுவார், மனைவி பின்னால் தனியாக வருவாள். இன்று சேர்ந்து நடந்தார்கள்.

"கல்யாணத்தன்னிக்கு இப்படி ஜோடியா நடந்தது" என்றாள் மனைவி. "திட்டப் போறதா இருந்தேன். இப்போ அந்தப் போதகருக்கு நன்றி சொல்லணும்போல இருக்கு."

"நீயுமா?"

"பின்னே? உங்க பக்கத்துல உட்கார்ந்து ஒரு பாட்டாவது பாடியிருக்கேனா நான்?"

கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போதகரே பெருக்கியிருக்க வேண்டும். மூலைகளையெல்லாம் அப்படியே விட்டிருந்தார். பெஞ்சுக்கு அடியில் ஒரு மிட்டாய்க் காகிதம் கிடந்தது. சாவி அண்ணன் மெல்லக் குனிந்தார்.

"நிமிருங்க" என்று தொடையைக் கிள்ளினாள் மனைவி.

நிமிர்ந்தார். ஆனால் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. மடியில் வைத்தார். கட்டிக்கொண்டார். மறுபடி மடியில் வைத்தார். யாரோ இரண்டு பேரின் கைகள்போல அவை அங்கே கிடந்தன.

பாவ மன்னிப்பின் அடையாளமாக அப்பமும் திராட்சை ரசமும் பெறும் திருவிருந்து நேரம் வந்தது. அதை வாங்காமல் தப்பவும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். சின்னக் கிண்ணங்களில் திராட்சை ரசம் ஊற்றுவது அவர்தான். ஆட்களை எண்ணித்தான் ஊற்றுவார். எண்ணும்போது தன்னைச் சேர்க்கமாட்டார். எல்லோரும் முன்னால் போகும்போது, காலிக் கிண்ணங்களைக் கழுவத் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பின்பக்கம் நழுவிவிடுவார். இன்று ஊற்றியது போதகரின் மனைவி. கழுவும் வேலையும் இல்லை.

"இங்கே யாரும் உழைச்சுச் சம்பாதிச்சுக்கிட்டு வர வேண்டாம்" என்றார் போதகர். "வெறுங்கையை நீட்டினாப் போதும். வாங்க."

சனம் எழுந்தது. மனைவியும் எழுந்தாள். சாவி அண்ணன் மட்டும் பெஞ்சோடு பெஞ்சாக ஒடுங்கினார்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் கூட்டத்துக்கு எதிராகப் பின்னால் நடந்து வந்தார். ஆர்கன்காரர்.

"நகருடா" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாவி அண்ணன் தலை நிமிரவில்லை. "நான் செஞ்சதெல்லாம் போதலையாடா? இன்னும் என்ன செய்யணும்னு சொல்லு. செய்றேன்."

"ஒண்ணும் செய்யாதே. அதுக்குத்தானே போதகர்கிட்டப் போனேன்?"

"என்னைப் பார்க்கவே உனக்குப் பிடிக்கலையா?"

ஆர்கன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் சாவி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மடையா, மன்னிச்சுட்டேன்னு அன்னிக்கே சொன்னேன், நீ நம்பலை. சரி, பக்கத்துல உட்கார்ந்து இன்னொரு தடவை சொல்லலாம்னு பார்த்தா, இத்தனை வருஷமா நீ உட்காரவே இல்லையேடா!"